இங்கே தட்டினால் அங்கே நடக்கும்: டாரண்ட்டைத் தொலைவிலிருந்து இயக்கும் கட்டளைகள்

வீரவநல்லூர் வீட்டு மச்சில் ஒரு பழைய டெஸ்க்டாப். அதில் டெபியன் லினக்ஸின் டிவிடி கோப்பு டாரண்ட் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். வீட்டில் யாரோ வீடியோ கால் பேச உட்கார, நெட் திணறுகிறது. வழக்கமாக என்ன செய்வோம்? போன் போட்டு, "சித்தி, மச்சுல இருக்க கம்ப்யூட்டர்ல அந்த டவுன்லோட கொஞ்சம் நிப்பாட்டுதியளா?" என்று கேட்போம். எந்தச் சன்னல், எந்தப் பட்டன் என்று பத்து நிமிடம் போகும். ஒரே ஒரு வரியைத் தட்டி இதை முடிக்கலாம். அந்த வரி எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுக்கி விழும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மடை திறக்க வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்றாக வேண்டும் என்பதில்லை. நீர் பாய்ச்சுகிறவரிடம் "மேல வயலுக்கு விடுங்க" என்று சொல்லி அனுப்பினால் போதும். சொல்லிவிட்டு வந்தவர் வீட்டுக்குப் போய்விடலாம், தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். டிரான்ஸ்மிஷன் என்ற இலவச டாரண்ட் மென்பொருளும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வயலில் நிற்பவர் டிரான்ஸ்மிஷன்-டீமன். திரையோ சன்னலோ இல்லாமல், பின்னணியில் எந்நேரமும் ஓடும் நிரல் அது. சொல்லி அனுப்புகிறவர் டிரான்ஸ்மிஷன்-ரிமோட். ஒரு கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கித் திரையில் காட்டிவிட்டு அது முடிந்துவிடும். ரிமோட் எதையும் இறக்குவதில்லை. இறக்குவது, எழுதுவது, சரிபார்ப்பது எல்லாம் டீமன்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருகின்றன. நாம் தட்டும் இடம் வேறு, வேலை நடக்கும் இடம் வேறு.

டாரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. காப்புரிமை உள்ள படத்தை அனுமதியின்றி இறக்குவதும் பகிர்வதும் சட்டப்படி குற்றம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட இந்த முறை, பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கிப் பலரிடமிருந்தும் வாங்கும் ஒரு நெறிமுறை மட்டுமே. டெபியன், உபுண்டு, லிப்ரேஆபிஸ் எல்லாம் அதிகாரபூர்வமாகவே டாரண்ட் தருகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் உள்ள பழைய தமிழ் நூல்களில் பலவற்றுக்கும் டாரண்ட் உண்டு. பள்ளிக் கணினி அறைக்கோ ஊர் நூலகத்துக்கோ பெரிய கோப்புகளை இறக்கி வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு துண்டும் தன் அடையாள எண்ணோடு ஒப்பிடப்படுவதால், பாதியில் கெட்ட கோப்பு முழுசாக வந்ததுபோல் நடிக்க முடியாது.

முதலில் அங்கே செய்ய வேண்டியது

டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை (கையளவுச் சிறிய கணினி) எதுவானாலும் டிரான்ஸ்மிஷன்-டீமன், டிரான்ஸ்மிஷன்-சிஎல்ஐ என்ற இரண்டு பொதிகளையும் ஏபிடி என்ற மென்பொருள் நிறுவும் கருவி மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். ரிமோட் இருப்பது இரண்டாவது பொதியில்.

நிறுவியதுமே டீமன் ஓடத் தொடங்கிவிடும். அதன் அமைப்புகள் இடிசி போல்டருக்குள் டிரான்ஸ்மிஷன்-டீமன் என்ற துணைப் போல்டரில், செட்டிங்ஸ்.ஜேசன் என்ற கோப்பில் இருக்கும். இங்கேதான் முதல் பள்ளம். டீமன் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கோப்பைத் திருத்திச் சேமித்து, பிறகு டீமனை ரீஸ்டார்ட் செய்தால் உங்கள் திருத்தம் காணாமல் போயிருக்கும். டீமன் நிற்கும்போது தன் நினைவில் உள்ள பழைய அமைப்புகளை அதே கோப்பின்மேல் எழுதிவிட்டுத்தான் நிற்கிறது. ஆகவே வரிசை இதுதான்: பின்னணி நிரல்களை நிறுத்தவும் தொடங்கவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஸ்டாப் கொடுத்து டீமனை நிறுத்துங்கள், கோப்பைத் திருத்துங்கள், பிறகு ஸ்டார்ட் கொடுங்கள்.

திருத்த வேண்டியவை மூன்று. (ஆர்பிசி என்பது ரிமோட்டின் கட்டளைகளை டீமன் வாங்கும் வழி.) ஆர்பிசி-யூசர்நேம், ஆர்பிசி-பாஸ்வேர்ட் இரண்டிலும் உங்களுடையதைப் போடுங்கள். பாஸ்வேர்டைச் சாதாரணமாகவே எழுதலாம். அடுத்த முறை திறந்து பார்க்கும்போது நெளிவு அடைப்புக்குறியில் தொடங்கும் நீண்ட எழுத்துக் கூட்டமாக மாறியிருக்கும், பயப்பட வேண்டாம், டீமன் அதைக் குழப்பி எழுதி வைத்திருக்கிறது. மூன்றாவது ஆர்பிசி-ஒயிட்லிஸ்ட். யார் பேச்சைக் கேட்பது என்ற பட்டியல் இது. தொடக்கத்தில் 127.0.0.1 மட்டும் இருக்கும், அதாவது அந்தக் கணினி தன்னோடு தானே பேசலாம், வேறு யாரும் பேச முடியாது. வீட்டுக்குள் இருக்கும் மற்ற கணினிகளையும் சேர்க்க, ஒரு காற்புள்ளி போட்டு 192.168.1.* என்று எழுதுங்கள். உங்கள் ரூட்டர் 192.168.0 என்று முகவரி கொடுத்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஜேசன் கோப்பில் வரிக் கடைசியில் உள்ள காற்புள்ளி ஒன்று தவறினாலும் டீமன் தொடங்க மறுக்கலாம். மேற்கோள் குறிகளையும் காற்புள்ளிகளையும் அப்படியே விட்டு, உள்ளே உள்ள சொல்லை மட்டும் மாற்றுவது நல்லது.

ரூட்டரில் அந்த டெஸ்க்டாப்புக்கு நிலையான முகவரி ஒன்றையும் ஒதுக்கிவிடுங்கள். இங்கே 192.168.1.20 என்று கொள்வோம். ஒதுக்காவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் முகவரி மாறக்கூடும்.

முதல் வரி

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம், டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பல கட்டளைகளுக்கு ஓரிரு எழுத்துச் சுருக்கமும் உண்டு, ஆனால் புதியவர்கள் நீண்ட பெயரையே பழகுவது நல்லது. காரணம், சுருக்கத்தில் சின்ன எஸ் என்றால் தொடங்கு, பெரிய எஸ் என்றால் நிறுத்து. கை தவறினால் நேரெதிர் வேலை நடக்கும்.

டிரான்ஸ்மிஷன்-ரிமோட் 192.168.1.20 --ஆத் பெயர்:பாஸ்வேர்ட் --லிஸ்ட்

என்டர் தட்டியதும் ரிமோட் அந்த முகவரியின் 9091ஆம் போர்ட்டை, அதாவது டீமன் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலை, தட்டும், பெயரையும் பாஸ்வேர்டையும் காட்டும், பட்டியலைக் கேட்டு வாங்கும். போவதும் வருவதும் எச்டிடிபி மேல் செல்லும் சிறிய ஜேசன் செய்திகள்தான், சில கிலோபைட்டுகள். அதனால் பாபநாசம் மலைப்பக்கம் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலிருந்துகூட நான்கு ஜிபி கோப்பை ஆளலாம். கோப்பு உங்கள் போன் பக்கம் வருவதே இல்லை.

பாஸ்வேர்டை இப்படி வரியிலேயே எழுதினால் டெர்மினலின் வரலாற்றில் பதிந்துவிடும். அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்கள் ஓடும் நிரல்களின் பட்டியலிலும் அதைப் பார்க்க முடியும். டிஆர், அடிக்கோடு, ஏயூடிஎச் என்று பெரிய எழுத்தில் ஒரு சூழல் மாறி (டெர்மினல் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) வைத்து, அதில் பெயரையும் பாஸ்வேர்டையும் இடையில் முக்காற்புள்ளியோடு போட்டுவிட்டால், பிறகு --ஆத் என்பதற்குப் பதில் --ஆத்என்வ் என்று மட்டும் எழுதலாம். முகவரியையும் இதையும் சேர்த்து 'ரிமோட்' என்று ஓர் அலையஸ் (நீண்ட கட்டளைக்குச் சுருக்கப் பெயர்) போட்டுக்கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரையிலும் 'ரிமோட்' என்றால் அந்த முழு முன்பகுதி என்று கொள்க.

பட்டியலுக்குப் பதிலாகத் திட்டு வந்தால், திட்டைப் படியுங்கள், எங்கே அடைப்பு என்று அதுவே சொல்லும். சர்வரோடு இணைய முடியவில்லை என்றால் டீமன் ஓடவில்லை, அல்லது முகவரி தவறு, அல்லது ஃபயர்வால் தடுக்கிறது. 401 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 403 என்றால் பெயர் கேட்கும் முன்பே வாசலில் நிறுத்திவிட்டது, ஒயிட்லிஸ்ட்டில் உங்கள் முகவரி இல்லை. 421 சற்று விசித்திரமானது. எண் முகவரியைக் கொடுத்தால் வேலை செய்யும், கணினியின் பெயரைக் கொடுத்தால் மட்டும் வரும். வெளி வலைத்தளம் ஒன்று உங்கள் உலாவியை ஏமாற்றி டீமனோடு பேசவிடாமல் தடுக்க 2018இல் சேர்த்த காவல் அது. எண்ணையே கொடுங்கள், அல்லது ஆர்பிசி-ஹோஸ்ட்-ஒயிட்லிஸ்ட்டில் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

பட்டியலின் முதல் நெடுவரிசையில் இருக்கும் எண்தான் அந்த டாரண்ட்டைக் கூப்பிடும் பெயர். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அதில் ஏதோ கோளாறு என்று பொருள். இனிச் சித்தியைத் தொந்தரவு செய்யாமல்:

ரிமோட் --டாரண்ட் 3 --ஸ்டாப்

வரிசை முக்கியம். முதலில் எந்த டாரண்ட், பிறகு என்ன செய்வது. எண்ணுக்குப் பதில் 2,5-9 என்று பலவற்றையோ, ஆல் என்று எல்லாவற்றையுமோ சொல்லலாம். மறுபடி ஓட விட --ஸ்டார்ட். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்த எண்கள் நிலையானவை அல்ல. டீமன் ரீஸ்டார்ட் ஆனால் நேற்றைய 3 இன்று 5 ஆகியிருக்கலாம். எப்போதும் முதலில் --லிஸ்ட், பிறகுதான் மற்றவை. தானாக ஓடும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எண்ணை நம்பாமல், --இன்ஃபோ காட்டும் 40 எழுத்து ஹாஷ் என்ற அடையாளக் குறியீட்டைப் பயன்படுத்த வேண்டும், அது மாறாது.

சேர்ப்பதும், அங்குள்ள பாதையும்

ரிமோட் --ஆட் "மேக்னட் லிங்க்" --டவுன்லோட்-டிர் /எம்என்டி/டிஸ்க்/நூல்கள்

டாரண்ட் கோப்பு கையில் இல்லாமலே அந்த டாரண்ட்டை அடையாளம் காட்டும் முகவரிதான் மேக்னட் லிங்க். அதைச் சுற்றி மேற்கோள் குறி கட்டாயம். லிங்க்கின் நடுவில் ஆம்பர்சண்ட் என்ற குறி பல இடங்களில் வரும். டெர்மினலுக்கு அந்தக் குறி "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிடு" என்ற ஆணை. மேற்கோள் போடாவிட்டால் லிங்க் முதல் ஆம்பர்சண்டிலேயே அறுந்துவிடும். டிராக்கர் (யாரிடம் துண்டுகள் இருக்கின்றன என்று சொல்லும் சர்வர்) முகவரிகள் எல்லாம் உதிர்ந்து, பட்டியலில் ஒரு மொட்டை டாரண்ட் பூச்சியத்திலேயே நிற்கக்கூடும். லிங்க் அறுந்தது என்று தெளிவான பிழைச் செய்தியும் வராது என்பதால் பலரும் நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டாரண்ட் கோப்பாகவே உங்கள் கையில் இருந்தால் லிங்க்குக்குப் பதில் அதன் பாதையைக் கொடுக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தக் கோப்பு உங்கள் லேப்டாப்பில் இருக்கலாம், ரிமோட் அதைப் படித்துச் செய்திக்குள் வைத்து அனுப்பிவிடும். ஆனால் இறக்கி வைக்கும் போல்டரின் பாதை அங்கே, வீரவநல்லூர் டெஸ்க்டாப்பில் இருக்க வேண்டிய பாதை. ஒரே வரியில் ஒரு பாதை இங்குள்ளது, ஒரு பாதை அங்குள்ளது. உங்கள் லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் போல்டரைக் கொடுத்துவிட்டு, கோப்பு ஏன் இங்கே வரவில்லை என்று தேடுவது இதனால்தான்.

அடுத்த தடங்கல் அனுமதி. டீமன் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. டெபியனில் அது டெபியன்-டிரான்ஸ்மிஷன் என்ற தனிப் பயனராக ஓடுகிறது. போல்டர் உங்களுக்குச் சொந்தமாக இருந்து, அந்தப் பயனருக்கு எழுத அனுமதி இல்லை என்றால், டாரண்ட் நட்சத்திரக் குறியோடு நின்றுவிடும். --இன்ஃபோ கொடுத்தால் பெர்மிஷன் டினைட் என்று பார்க்கலாம். சிஎச்ஓன் கட்டளையால் போல்டரை டெபியன்-டிரான்ஸ்மிஷனுக்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகும். அப்படியும் வராவிட்டால் மேலே உள்ள போல்டர்களைப் பாருங்கள். பென் டிரைவ் செருகியதும் திரையில் தானாகத் தோன்றுமே, மீடியா போல்டருக்குள் உங்கள் பெயரில், அதற்குள் நுழையவே மற்ற பயனர்களுக்கு அனுமதி இருக்காது. உள்ளே உள்ள போல்டரை எவ்வளவு திறந்துவிட்டாலும் தெருக்கதவு பூட்டியிருக்கிறது. எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் வெளி ஹார்ட் டிஸ்கைப் பதிந்து, எம்என்டி போல்டருக்குள் நிலையாக மவுன்ட் செய்வதே, அதாவது இணைப்பதே, முறை. டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வகை என்றால் அதில் சிஎச்ஓன் பலிக்காது, எஃப்எஸ்டேப் வரியிலேயே எந்தப் பயனருக்குச் சொந்தம் என்று எழுத வேண்டும்.

மின்தடை அடிக்கடி வரும் ஊரில் இதையும் சொல்லியாக வேண்டும். கரண்ட் வந்ததும் கணினி எழுந்துவிடும், ஆனால் வெளி டிஸ்க் சில நேரம் மவுன்ட் ஆகாமல் போகும். அப்போது பழைய டாரண்ட்கள் "தரவு எதுவும் இல்லை" என்ற பிழையோடு நிற்கும். டிஸ்கை மவுன்ட் செய்து --வெரிஃபை கொடுத்து, முடிந்ததும் --ஸ்டார்ட் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புதிதாகச் சேர்க்கும் டாரண்ட்தான் ஆபத்து. டிஸ்க் இல்லாத வெற்றுப் போல்டருக்குள் அது எழுதத் தொடங்கி, ராஸ்பெரி பையின் மெமரி கார்டையே நிரப்பிவிடும். டிஸ்க் மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெற்றுப் போல்டரை ரூட் என்ற தலைமைப் பயனருக்கு மட்டும் சொந்தமாக்கி வையுங்கள். டிஸ்க் வந்தால் மட்டுமே டீமனால் எழுத முடியும்.

பெரிய தொகுப்பில் சில கோப்புகள் மட்டும் போதும் என்றால் --ஸ்டார்ட்-பாஸ்ட் என்ற சொல்லையும் சேர்த்து நிறுத்திய நிலையில் சேர்க்கலாம். பிறகு --ஃபைல்ஸ் கொடுத்தால் 0 முதல் எண்ணிட்ட கோப்புப் பட்டியல் வரும். --நோ-கெட் ஆல் என்று எல்லாவற்றையும் விலக்கி, --கெட் 4,7 என்று வேண்டியதை மட்டும் குறித்து ஓட விடுங்கள். மேக்னட் லிங்க்கில் சேர்த்தால் மட்டும் முதலில் சற்று ஓடவிட வேண்டும், கோப்புப் பட்டியலையே அது பிறரிடமிருந்துதான் வாங்கியாக வேண்டும். விலக்கிய கோப்புகளும் சில கிலோபைட் அளவில் டிஸ்கில் தென்படலாம். ஒரு துண்டு இரண்டு கோப்புகளின் எல்லையில் விழுவதால் வருவது அது, பிழையல்ல.

வேகமும் நேரமும்

ரிமோட் --டவுன்லிமிட் 2000 என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து நொடிக்கு 2000 கிலோபைட். முன்னால் --டாரண்ட் 3 என்று சேர்த்தால் அந்த ஒன்றுக்கு மட்டும். நெட் கம்பெனி சொல்வது மெகாபிட், இங்கே கேட்பது கிலோபைட். 40 எம்பிபிஎஸ் இணைப்பை 8ஆல் வகுத்தால் நொடிக்கு 5000 கிலோபைட். பலரும் டவுன்லோடை மட்டும் கட்டுப்படுத்துகிறார்கள். உண்மையில் வீட்டு நெட்டைத் திணறடிப்பது பெரும்பாலும் அப்லோடுதான். அது நிரம்பிவிட்டால், "வந்து சேர்ந்தது" என்று திரும்பிப் போகும் சின்னச் செய்திகள்கூட வரிசையில் நிற்கின்றன, எல்லாமே மெதுவாகிறது. அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் மொத்தம் 1250 கிலோபைட், --அப்லிமிட் 900 என்று வைத்தால் மற்றவர்கள் மூச்சு விடலாம்.

பகலில் மெதுவாக, இரவில் முழு வேகம் என்று நேர அட்டவணையும் போட முடியும். அந்த நேரம் டெஸ்க்டாப்பின் கடிகாரப்படி. ராஸ்பெரி பை தொடக்கத்தில் இந்திய நேரத்தில் இல்லாமலிருக்கலாம். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் இரவு 11 என்று நீங்கள் எழுதியது விடிகாலை 4.30க்குத்தான் நடக்கும். டைம்டேட்சிடிஎல் மூலம் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியிலிருந்து

இதுவரை சொன்னது ஒரே வைஃபைக்குள். பாளையங்கோட்டையிலிருந்து பேச வேண்டுமென்றால் ரூட்டரில் 9091ஐத் திறந்துவிடலாமே என்று தோன்றும். திறக்காதீர்கள். பெயரும் பாஸ்வேர்டும் அதில் மறைகுறியாக்கம் இல்லாமல் போகின்றன, உள்ளே வந்தவர் எதையும் சேர்க்கலாம், எதையும் அழிக்கலாம். ரூட்டரில் திறக்க வேண்டிய டாரண்ட் போர்ட் 51413. அது மற்ற டாரண்ட் பயனர்கள் துண்டுகளை வாங்கவும் கொடுக்கவும் வரும் வாசல். இரண்டையும் குழப்பி 9091ஐத் திறந்து வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 51413 வெளியிலிருந்து தெரிகிறதா என்று --போர்ட்-டெஸ்ட் சொல்லும்.

கட்டளைகளுக்குச் சரியான வழி எஸ்எஸ்எச், மறைகுறியாக்கத்தோடு இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியை நிறுவி, ஓப்பன்எஸ்எஸ்எச் சேர்த்து, வீட்டு டெஸ்க்டாப்புக்குள் நுழைந்து அங்கேயே ரிமோட் கட்டளையைத் தட்டலாம். அப்போது முகவரிகூட வேண்டாம், எழுதாவிட்டால் அந்தக் கணினியையே எடுத்துக்கொள்ளும். ஒயிட்லிஸ்ட்டிலும் 127.0.0.1 தவிர வேறெதுவும் தேவையில்லை. பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பால் நுழையும்படி எஸ்எஸ்எச்சை அமைத்துவிடுங்கள். உங்கள் நெட் இணைப்புக்குத் தனிப் பொது முகவரி இல்லாமல், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி கொடுத்திருந்தால் வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. அப்போது டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் மூலம் இரு முனைகளையும் ஒரே தனி வலையில் இணைத்து, அதன் மேல் எஸ்எஸ்எச் போக வேண்டும்.

வேலை முடிந்த டாரண்ட்டை எடுக்க இரண்டு கட்டளைகள் உண்டு. --ரிமூவ் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும், கோப்பு டிஸ்கில் இருக்கும். --ரிமூவ்-அண்ட்-டிலீட் கோப்பையும் சேர்த்து அழிக்கும். "நிச்சயமாகவா?" என்று கேட்காது. இதை --டாரண்ட் ஆல் என்பதோடு சேர்த்து ஒருபோதும் எழுதாதீர்கள். எண்ணோடு எழுதினாலும் அதற்கு முந்தைய நிமிடம் --லிஸ்ட் பார்த்திருக்க வேண்டும். அழிவது அங்கே இருக்கும் டிஸ்கில், அந்தப் பக்கம் குப்பைத் தொட்டி எதுவும் கிடையாது.